மார்னி நிக்சன் என்றொரு பாட்டுக்கார அம்மா



மார்னி நிக்சன் என்ற பெயரைக் கேட்டவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். ஒருவரும் தூக்கியிருக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் உங்களில் பாதிப் பேர் அவர் குரலைக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பிள்ளைகளுக்கு 'மூலான்' கார்ட்டூன் போட்டுக் காட்டினீர்களே, அதில் பாட்டியம்மா பாடும் இடத்தில் வருவது அவர் குரல். 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் வாத்துகள் பாடுமே, அதிலும் அவர் உண்டு. 'மை ஃபேர் லேடி' பார்த்தவர்கள், ஆட்ரி ஹெப்பர்ன் எவ்வளவு அருமையாகப் பாடுகிறார் என்று சொல்லியிருப்பீர்கள். பெரும்பாலும் அது ஆட்ரி ஹெப்பர்ன் இல்லை.

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

ஏன் திடீரென்று இந்த அம்மாவைப் பற்றி என்று கேட்பீர்கள். போன மாதம் என்னிடம் படித்த ஒரு பெண் போன் செய்தாள். அவள் மகள் ஐந்தாம் வகுப்பு. நன்றாகப் பாடுகிறாளாம். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கு முதல் சுற்றுத் தேர்வாகியிருக்கிறாள். "ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு மெட்ராஸ்ல தங்கிடலாமான்னு அவர் சொல்றார் டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். போனில் சட்டென்று பதில் சொல்கிற விஷயமா இது? எழுதுகிறேன் என்று சொன்னேன். இதே கேள்வி இன்னும் இரண்டு மூன்று பேருக்கு இருப்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மார்னி நிக்சன் அம்மா தன் கதையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். 'ஐ குட் ஹேவ் சங் ஆல் நைட்' என்று பெயர். 2006-இல் வந்தது. என் மகள் வாங்கி அனுப்பினாள். என் ஆங்கிலம் பயிற்சிப் பள்ளியில் படித்த ஆங்கிலம்தான். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். இடையிடையே யூடியூபில் பாட்டுகளைத் தேடிக் கேட்டேன். இந்த வயதில் வீட்டுப்பாடம் செய்த மாதிரி இருந்தது.

அவர் முழுப் பெயர் மார்கரெட் நிக்சன் மெக்ஈத்ரன். 1930 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து அல்டடீனா என்ற ஊரில் பிறந்தார். ஹாலிவுட் எட்டிப் பிடிக்கும் தூரம். சினிமா எடுக்கும் ஊருக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. கூட்டத்தில் ஒரு பிள்ளையாக நிற்பது. இவரும் சின்ன வயதில் பல படங்களில் அப்படி நின்றிருக்கிறார். நாலு வயதில் கையில் வயலினைக் கொடுத்துவிட்டார்கள். பதினோரு வயதில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பொருட்காட்சியில் நடந்த பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பதினோரு வயது, போட்டி, முதல் பரிசு. நம் ஊரில் இந்த இடத்தில் என்ன நடக்கும்? போஸ்டர் அடிப்போம். "குட்டிக் குயில்" என்று பட்டம் கொடுப்போம். கோயில் கொடைக்கெல்லாம் கூட்டிப் போவோம். அந்த வீட்டில் அப்படி நடக்கவில்லை. முறையாகப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஆள் பார்த்தார்கள். ஆஸ்திரியாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு பெரிய பாடகியிடம் சேர்த்தார்கள். சேர்ந்திசைக் குழுவில் பாட வைத்தார்கள். ரோஜர் வாக்னர் என்பவர் நடத்திய பெயர் பெற்ற குழு அது. பக்கத்தில் நிற்பவர் குரலோடு தன் குரலைக் கலக்கத் தெரிய வேண்டும், தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கக் கூடாது. அதுதான் அங்கே பாடம். 17 வயதில் லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் என்ற பெரிய வாத்தியக் குழுவோடு தனிப்பாடகியாக மேடையேறினார்.

அதே வயதில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் ஒரு வேலையும் பார்த்தார். என்ன வேலை தெரியுமா? கடிதம் கொண்டு கொடுக்கும் வேலை. இந்த அறையிலிருந்து அந்த அறைக்குக் காகிதம் சுமக்கிற பெண். அங்கே இருந்தவர்களுக்கு இந்தப் பெண்ணிடம் இரண்டு விஷயம் இருப்பது தெரிந்துவிட்டது. ஒன்று, எந்தச் சுருதியையும் துணைக்கு வாத்தியம் இல்லாமலே பிடித்துவிடுவாள். இரண்டாவது, இசைக்குறிப்புத் தாளை முன்னால் வைத்தால் பார்த்த மாத்திரத்தில் பாடுவாள்.

இந்த இரண்டாவது விஷயத்தை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் நீங்கள் எல்லோரும் எழுத்துக் கூட்டித்தானே படித்தீர்கள்? "ப...ட்...டம், பட்டம்" என்று. அப்புறம் ஒரு நாள் எழுத்து மறைந்து சொல் தெரிய ஆரம்பிக்கும். பிறகு வரி தெரியும். இன்றைக்குப் பேப்பரைக் கையில் எடுத்தால் எழுத்தா தெரிகிறது? செய்தி தெரிகிறது. இசைத்தாளை அப்படிப் படிக்கிறவர்கள் உண்டு. முன்பின் கேட்டிராத பாட்டை, தாளைப் பார்த்த நிமிடம், தாளம் பிசகாமல் பாடுவார்கள். ஸ்டுடியோவில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு. ஐம்பது வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பத்து முறை கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து பாடுவார், இன்னொருவர் முதல் முறையே பாடுவார் என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? இனிமையான குரல் எத்தனையோ பேரிடம் இருந்திருக்கும். இந்தப் பெண்ணைக் கூப்பிட்டது இதற்காக.

அப்படி ஆரம்பித்த வேலைகளில் ஒன்று, 1948-இல் வந்த 'பிக் சிட்டி' படம். மார்கரெட் ஓ'பிரையன் என்ற குழந்தை நட்சத்திரத்துக்குப் பாட வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பதினோரு வயது, பாடிய பெண்ணுக்குப் பதினெட்டு. நேற்று வரை தானே குழந்தையாக இருந்தவர் இன்னொரு குழந்தைக்குக் குரல் கொடுக்கிறார்.

நமக்கு இது புதிதில்லை. எம்.எஸ். ராஜேஸ்வரி அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் சின்னக் கமல்ஹாசனுக்குப் பாடினார். 1965-இல் 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் குட்டி பத்மினிக்குப் பாடினார். 1990-இல் 'துர்கா'வில் பேபி ஷாமிலிக்குப் பாடினார். முதல் படத்துக்கும் கடைசியில் சொன்னதற்கும் முப்பது வருடம். பாட்டி வயதை நெருங்கியவர் குரலில் மூன்று வயதுக் குழந்தை! என் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு அந்தப் பாட்டுகளுக்கெல்லாம் ஆடாத பிள்ளை உண்டா? ஆனால் ஒரு வித்தியாசம். அவர் பெயர் நமக்குத் தெரியும். இசைத்தட்டில் இருக்கும். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார். எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ். பாடுகிறார் என்பது மாடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். அதனால் எம்.ஜி.ஆருக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

ஹாலிவுட்டில் கதை வேறு. நட்சத்திரமே பாடுகிறார் என்று ஜனங்கள் நம்ப வேண்டும். பாடியவர் யார் என்று மூச்சு விடக் கூடாது. அப்படிப் பாடுகிறவர்களுக்கு அங்கே வைத்த பெயரே 'கோஸ்ட் சிங்கர்', அதாவது பேய்ப் பாடகர். உடம்பில்லாத குரல்.

நம் நாட்டிலும் எடுத்த எடுப்பிலேயே எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1949-இல் 'மஹல்' என்ற இந்திப் படம். மதுபாலாவுக்கு லதா மங்கேஷ்கர் பாடினார். இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று இருந்தது. காமினி யார்? படத்தில் வரும் கதாபாத்திரம்! வானொலி நேயர்கள் யார் இந்தப் பாடகி என்று கேட்டுக் கேட்டு எழுதிய பிறகுதான் பெயர் வெளியே வந்தது. நேயர்கள் கேட்டார்கள், இங்கே பெயர் கிடைத்தது. அங்கே அதற்கு இன்னும் பல வருடம் ஆயிற்று.

1953-இல் மர்லின் மன்றோ. 'ஜென்டில்மேன் ப்ரிஃபர் பிளாண்ட்ஸ்' படத்தில் வைரத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாட்டு. பாடியது மன்றோதான். ஆனால் எட்டாத மேல் ஸ்தாயியில் ஒரு துண்டு வருகிறது. அந்தத் துண்டு மட்டும் மார்னி. நம் வீட்டில் கிழிந்த சேலைக்கு ஒட்டுப் போடுவோமே, தையல் தெரியாமல், அந்த மாதிரி.

பெரிய வேலை 1956-இல் வந்தது. 'தி கிங் அண்ட் ஐ'. கதாநாயகி டெபரா கெர். இருவரும் வாரக்கணக்கில் சேர்ந்து ஒத்திகை பார்த்தார்கள். டெபரா எங்கே மூச்சு இழுக்கிறார், எந்த எழுத்தை எப்படி அழுத்துகிறார், கோபம் வந்தால் குரல் எந்தப் பக்கம் போகிறது என்று மார்னி கவனித்துக் கவனித்துத் தன் குரலை அதற்குள் கொண்டுபோய் வைத்தார். ஒரே பாட்டில் சில வரிகளை டெபரா பேசுவார், அடுத்ததை மார்னி பாடுவார். ஒட்டு எங்கே என்று இன்றைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

இதற்கு அவருக்குக் கிடைத்தது 420 டாலர்.

கூடவே ஒரு மிரட்டலும் கிடைத்தது. டெபரா கெர்ருக்கு நீ பாடினாய் என்று எவருக்காவது தெரிந்தால் இந்த ஊரில் உனக்கு வேலையே இருக்காது என்று ஸ்டுடியோவில் சொன்னார்களாம். பிற்காலத்தில் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். விஷயத்தை வெளியே சொன்னது யார் தெரியுமா? டெபரா கெர்! பத்திரிகைக்காரர்களிடம் அவரே, பாடியது மார்னி நிக்சன் என்று சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை, கட்டாயமும் இல்லை. எனக்கு அந்த அம்மாமேல் அன்றைக்கிலிருந்து தனி மரியாதை. அடுத்த வருடமே இன்னொரு படத்திலும் இருவரும் சேர்ந்தார்கள்.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) கதை இன்னும் சங்கடமானது. கதாநாயகி நடாலி வுட். அவருக்குத் தானே பாட வேண்டும் என்று ஆசை. முழுப் பாட்டையும் பாடிப் பதிவு செய்தார். அந்தப் பதிவுக்கு வாயசைத்துத்தான் படப்பிடிப்பும் நடந்தது. உங்கள் குரல்தான் படத்தில் வரும் என்ற எண்ணத்திலேயே அவரை வைத்திருந்தார்கள். பக்கத்தில் மார்னியும் எல்லாப் பாட்டையும் பாடி வைத்திருந்தார். கடைசியில் நடாலியிடம் சொன்னபோது அவர் கொதித்துப்போய்விட்டார். கொதிக்க மாட்டாரா? ஒரு பிள்ளையிடம் "நீதான் மேடையில் பேசப் போகிறாய்" என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, விழா அன்றைக்கு வேறு பிள்ளையை ஏற்றினால் எப்படி இருக்கும்! இதில் மார்னிக்கு என்ன கஷ்டம் என்றால், நடாலியின் உதடு ஏற்கெனவே படத்தில் அசைந்து முடிந்துவிட்டது. சில இடங்களில் நடாலி தாளத்தை விட்டுக்கூட அசைத்திருக்கிறார். அந்த உதட்டுக்குப் பொருந்துகிற மாதிரி மார்னி பாட வேண்டும். போதாக்குறைக்கு அதே படத்தில் ரீட்டா மொரினோவுக்குப் பாட வேண்டியவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஐந்து குரல் சேரும் ஒரு பாட்டில் ரீட்டாவுக்கும் இவரே பாடினார். ஒரே பாட்டில் இரண்டு பெண்கள், இரண்டும் ஒரே தொண்டை.

அந்தப் படத்தின் இசைத்தட்டு அமெரிக்காவில் 54 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல்! விற்ற தட்டில் மார்னிக்கு ஒரு காசு பங்கு இல்லை. ஒப்பந்தத்தில் இல்லை. இந்த முறை அவர் சும்மா இருக்கவில்லை, கேட்டார். கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை. இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன், தன் ராயல்டியிலிருந்து கால் சதவீதத்தை அவருக்கு விட்டுக் கொடுத்தார். சதவீதக் கணக்கு நான் நடத்தியதுதானே? கால் சதவீதம் என்றால் நூறு ரூபாய்க்கு 25 காசு. சிரிக்காதீர்கள். அதுவரை பாட்டுக்கு ஒருமுறை கூலி வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் வழக்கம். பாடிய குரலுக்கும் விற்பனையில் பங்கு உண்டு என்று ஒருவர் ஒப்புக்கொண்டாரே, அந்த 25 காசு பெரிது.

1964-இல் 'மை ஃபேர் லேடி'. நாடகமாக அதை நடித்துப் புகழ் பெற்றவர் ஜூலி ஆண்ட்ரூஸ். படமாக எடுக்கும்போது அவரை விட்டுவிட்டு ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டார்கள். ஆட்ரியும் பாடிப் பார்த்தார், பயிற்சி எடுத்தார். கடைசியில் பெரும்பகுதி மார்னிதான். இதற்குள் ஊர் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. அந்த வருட ஆஸ்கர் பரிந்துரையில் ஆட்ரி பெயர் வரவில்லை. குரல் இரவல் என்பதும் ஒரு காரணம் என்று பேசிக்கொண்டார்கள். பரிசு யாருக்குப் போயிற்று? 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக ஜூலி ஆண்ட்ரூஸுக்கு! அந்தப் படத்தில்தான் மார்னி வாத்தாகப் பாடியிருந்தார் என்று முதலிலேயே சொன்னேன். அதே 1964-இல் நியூயார்க் சிட்டி சென்டர் மேடையில் 'மை ஃபேர் லேடி' நாடகம் போட்டபோது எலைசாவாக நடித்தது மார்னி நிக்சன். யாருக்கும் இரவல் கொடுக்காமல், தன் முகத்தோடு, தன் குரலோடு.

இங்கே என் பிள்ளை ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் எழுத மாட்டேன். உங்களில் அந்தப் பள்ளியில் படித்தவர்களுக்கு யாரென்று தெரியும், தெரிந்தாலும் எழுத வேண்டாம்.

காலை வழிபாட்டில் அவள் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தொடங்கினால் பக்கத்து ரேஷன் கடை வரிசையே திரும்பிப் பார்க்கும். மாவட்டப் போட்டியில் இரண்டு வருடம் தொடர்ந்து பரிசு வாங்கினாள். அப்பா தறிக்காரர். கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவள் மெல்ல மெல்ல ஸ்டுடியோ வேலைக்குள் போனாள். கோரஸ், விளம்பரப் பாட்டு, அப்புறம் டிராக். டிராக் பாடுவது என்றால், மெட்டு முடிந்ததும் பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் ஒருவர் முழுப் பாட்டையும் பாடி வைப்பது. பெரிய பாடகர் அதைக் கேட்டுப் படித்துக்கொண்டு பாடுவார். பிறகு டிராக் குரலை அழித்துவிடுவார்கள். எப்போதாவது, யாருடைய அதிர்ஷ்டத்துக்கோ, அழிக்காமல் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. டிராக் பாடுகிறவர்கள் எல்லாம் அந்த 'எப்போதாவது'க்காகக் காத்திருப்பவர்கள்தான்.

கேசட் காலம் அது. ஒரு படத்தில் அவள் பாடிய பாட்டை அப்படியே வைக்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கே தெரிந்துவிட்டது. கேசட் வந்த அன்றைக்கு அவள் அப்பா டவுனுக்குப் போய் இரண்டு வாங்கி வந்தார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. தலைமையாசிரியர் அறையில் டேப்ரிக்கார்டரில் போட்டோம். பாட்டு வந்தது. குரல் வேறு.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். "அடுத்த பக்கத்துல இருக்குமோ டீச்சர்?" என்று கேட்டார். திருப்பிப் போட்டோம்.

பிறகு பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவளிடம் கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "கூலி கொடுத்துட்டாங்க டீச்சர். நான் பாடுனதுக்கு அத்தாட்சின்னா வவுச்சர்ல போட்ட கையெழுத்து மட்டுந்தான்" என்றாள். அதற்கப்புறமும் பதினைந்து வருடத்துக்கு மேல் பாடினாள். அந்தக் காசில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள், தம்பிக்குத் தறி போட்டுக் கொடுத்தாள். இன்றைக்கு வீட்டில் நாற்பது பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறாள். அவளைத் தோற்றுப் போனவள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஆனால் அவள் அப்பா கேசட்டைத் திருப்பிப் போடச் சொன்னாரே, அதை எதில் கணக்கு வைப்பது?

மார்னி புத்தகத்தை நான் படித்ததே இவளை மனதில் வைத்துக்கொண்டுதான். முப்பத்தைந்து வருடம் தினமும் காலையில் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டவள் நான். "உள்ளேன் அம்மா" என்று சொல்லும்போது ஒரு பிள்ளையின் முகம் எப்படி நிமிரும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் ஒரு பெயரைத் தாண்டிக் கூப்பிட்டுவிட்டால், "அம்மா, என் பேரு?" என்று அந்தப் பிள்ளை எழுந்து நிற்கும். பாடியவர் பெயரைப் போடு என்று மார்னி கேட்டதும் அதே கேள்விதான்.

சரி, அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வருகிறேன். போட்டிக்குப் போகட்டும். மேடையும் வெளிச்சமும் பார்க்கட்டும். ஆனால் பள்ளிக்கூடத்தை நிறுத்துவதற்கு நான் ஒப்ப மாட்டேன். பதினோரு வயதுக் குரல் பதினைந்து வயதில் இருக்காது. ஆண் பிள்ளைகளுக்கு உடைவது வெளியே தெரியும், பெண் பிள்ளைகளுக்கும் கனம் மாறும், ஒலிக்கும் இடம் மாறும். அந்த மாற்றம் வரும்போது கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பரிசுக் கோப்பை இருந்தால் அலமாரியில் இருக்கும். சுரம் வாசிக்கத் தெரிந்திருந்தால் குரல் மாறினாலும் அது போகாது. மார்னிக்கு நாலு வயது வயலினும், பிறகு முறையான பாடமும், சேர்ந்திசைக் குழுவும், தாள் பார்த்துப் பாடும் பழக்கமும் இருந்தன. மார்கரெட் ஓ'பிரையனின் குழந்தைக் குரலிலிருந்து மூலானின் பாட்டிக் குரல் வரை ஐம்பது வருடம் ஓடியது அதனால்தான்.

அந்த ஐம்பது வருடத்தில் அவர் சினிமா மட்டும் பாடவில்லை. வெபர்ன், ஸ்ட்ராவின்ஸ்கி என்று பெரிய பாடகர்களே தயங்கும் கடினமான புதிய இசையைப் பாடிப் பதிவு செய்தார். சியாட்டில் நகரத் தொலைக்காட்சியில் 'பூமராங்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தி நாலு எம்மி விருது வாங்கினார். பாட்டு வாத்தியாராகவும் இருந்தார் (இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமை). மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை எடுத்து, மறுபடி மேடையேறினார். 2016 ஜூலை 24 அன்று நியூயார்க்கில், 86 வயதில் காலமானார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அவர் படத்தோடு பெயர் போட்டு எழுதின.

இன்னொன்றும் அந்தப் பெண்ணுக்குச் சொல்கிறேன். குழந்தையைப் பெரியவர்களின் காதல் பாட்டைக் கண்ணைச் சிமிட்டிப் பாடச் சொல்லும் நிகழ்ச்சி என்றால் முதல் நாளே திரும்பி வந்துவிடு. எட்டாத சுருதியில் கத்த வைத்தாலும் வந்துவிடு. நடுவர் அழுதால் நீ அழாதே. எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும், அப்பாவும் அம்மாவும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பாட்டை யூடியூபில் ஏற்றினால் யார் பெயரில் ஏறும், வரும் காசு யாருக்கு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 420 டாலர் கதையைச் சொல்லிக் கேளுங்கள்.

'சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) படத்தை இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு இன்னொரு முறை பாருங்கள். தொடக்கத்தில் கன்னியர் மடத்தில், இந்த மரியாவை என்ன செய்வது என்று அவர்கள் கூடிப் பாடும் காட்சி வரும். அதில் சிஸ்டர் சோபியாவாக வருகிறவர்தான் மார்னி நிக்சன். அத்தனை வருடம் கழித்து ஒரு பெரிய படத்தில் முகம் காட்டிப் பாடினார். 'மை ஃபேர் லேடி' விஷயத்தால் ஜூலி ஆண்ட்ரூஸ் என்ன நினைப்பாரோ என்று படப்பிடிப்பில் எல்லோருக்கும் ஒரு தயக்கம் இருந்ததாம். ஜூலி தானே எழுந்து வந்து கைகொடுத்து, நான் உங்கள் ரசிகை என்று சொன்னாராம். வேடிக்கை என்னவென்றால், அதே படத்தில் மடத்துத் தலைவி பாடுவது அந்த நடிகையின் குரல் இல்லை. மார்ஜரி மெக்கே என்பவர் பாடியது. கேப்டனாக வரும் கிறிஸ்டோபர் பிளம்மருக்குப் பாடியவர் பில் லீ. படத்தின் எழுத்துகளில் இந்த இரண்டு பெயரையும் தேடாதீர்கள், இருக்காது. பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் ஊரில், உங்கள் சொந்தத்தில், கோரஸோ டிராக்கோ பாடியவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். எந்தப் படம், எந்தப் பாட்டு, எந்த இடத்தில் அவர்கள் குரல் வருகிறது என்று எழுதினால் தேடிப்பிடித்துக் கேட்பேன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பெயரையும் எழுதுங்கள், முழுப் பெயர், தலைப்பெழுத்தோடு.